படி தெரிந்தது, கால் வரவில்லை



என் அத்தை வீடு தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய வீடு. தலைவாசலில் தேக்கு நிலைப்படி, தரையிலிருந்து 4 அங்குல உயரம். ஐம்பது வருடமாக அத்தை அந்தப் படியைத் தாண்டுகிறார். இடுப்பில் குடத்தோடு தாண்டியிருக்கிறார், தோளில் தூங்கும் பிள்ளையோடு இருட்டில் தாண்டியிருக்கிறார். 71ஆவது வயதில் ஒரே மாதத்தில் இரண்டு முறை அதில் இடறினார். இரண்டாவது முறை வலது கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. "பாத்து நடக்க வேண்டாமா?" என்று மாமா சத்தம் போட்டார். அத்தை சொன்னார்: "பாத்துட்டுத்தான் வந்தேன். படி தெரிஞ்சுது. கால்தான் வரல."

நான் பிசியோதெரபி படித்தவன். இருபது வருடமாக மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பதுதான் என் வேலை. இருந்தும் அத்தையின் அந்த வாக்கியத்தை அன்று நான் காதில் வாங்கவில்லை. கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். கண்புரை அறுவை செய்து கண்ணாடியும் மாற்றினார்கள். அத்தை மறுபடியும் இடறினார். தடுக்கியது வலது கால் என்பதால் வலது முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆறு வாரம் வீணாயிற்று. குற்றம் கண்ணிலும் இல்லை, வலது காலிலும் இல்லை. அது எங்கே இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், நாம் எப்படி நடக்கிறோம் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நடக்கும்போது ஒரு கால் ஊன்றியிருக்கிறது, மற்றது வீசி முன்னே வருகிறது. ஊன்றுகால், வீசுகால் என்று வைத்துக்கொள்வோம். வீசி வரும் காலின் பெருவிரல் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இதைக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு சாண் என்பார்கள், நான்கு விரற்கடை என்பார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேவிட் வின்டர் என்ற பேராசிரியர் இதை அளந்து 1992இல் எழுதினார். விரல் நுனி முதலில் கொஞ்சம் மேலே எழும்புகிறது, பிறகு தாழ்கிறது, குதிகால் தரையைத் தொடுவதற்கு முன் மறுபடி உயர்கிறது. ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தில், தரைக்கும் விரலுக்கும் இடையே இருப்பது சராசரியாக 1.3 சென்டிமீட்டர். நம் சுண்டுவிரல் தடிமன். அந்த இடத்தைக் கடக்கும்போது விரல் நுனியின் வேகம் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல், அதாவது நிதானமாகச் சைக்கிள் மிதிக்கிறவரின் வேகம். சுண்டுவிரல் அளவு இடைவெளியில், சைக்கிள் வேகத்தில், ஒரு நாளைக்குச் சில ஆயிரம் முறை தரையை உரசாமல் போய்வருகிறோம். இதைப் படித்த நாளிலிருந்து, தெருவில் யாராவது சாதாரணமாக நடந்து போவதைப் பார்த்தாலும் எனக்கு வியப்புத்தான்.

இந்த 1.3 சென்டிமீட்டரை யார் காப்பாற்றுகிறார்கள்? ஒரு மூட்டு அல்ல. ஊன்றியிருக்கும் காலின் பாதத்தில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு, இடுப்பெலும்பின் குறுக்கே மறுபக்க இடுப்பு, அங்கிருந்து கீழே முழங்கால், கணுக்கால், விரல் நுனி வரை ஒரு சங்கிலி ஓடுகிறது. பெரியவர் ஒருவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். 2 மீட்டர் சங்கிலியின் கடைசி நுனி 1 சென்டிமீட்டர் பிசகாமல் போக வேண்டும். நடுவில் எந்தக் கண்ணி கொஞ்சம் நெகிழ்ந்தாலும் நுனி தாழ்ந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை சுமார் 17 சென்டிமீட்டர். பாதம் 1 டிகிரி கீழே சாய்ந்தால் விரல் நுனி 3 மில்லிமீட்டர் இறங்குகிறது. இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அதே 17 சென்டிமீட்டர்தான். இடுப்பெலும்பு வீசுகால் பக்கம் கூடுதலாக 1 டிகிரி சரிந்தால் அந்தக் கால் முழுவதும் 3 மில்லிமீட்டர் இறங்கும். ஆக, கணுக்காலில் 2 டிகிரி, இடுப்பில் 2 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் இவை. ஆனால் 12 மில்லிமீட்டர் போய்விட்டது. மிச்சம் 1 மில்லிமீட்டர். இதில் ஒரு அளவு பெரிய ரப்பர் செருப்பைப் போட்டிருந்தால் அதன் முன்விளிம்பு அந்த மிச்சத்தையும் தின்றுவிடும். மேடே இல்லாத சமதரையில் பெரியவர்கள் தடுக்கி விழுவது இப்படித்தான். "வெறுந்தரையிலா விழுந்தாய்?" என்று கேட்கிறோம். தரை வெறுந்தரைதான். இடைவெளிதான் தீர்ந்துபோயிருக்கிறது.

இனி முழங்கால். கால் வீசி வரும்போது முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்குகிறது. மடங்காவிட்டால் கால் தரையைத் தாண்டாது, ஏனென்றால் இரண்டு காலும் ஒரே நீளம். ஊன்றுகால் நேராக நிற்க, மற்றது அதே நீளத்தோடு கீழே தொங்கினால் எப்படி முன்னே வரும்? எனவே வீசுகால் குட்டையாக வேண்டும். அதற்குத்தான் முழங்கால்.

ஆனால் அதை மடக்குவது எது? தொடையின் பின்பக்கத் தசை என்று எல்லாரும் நினைக்கிறோம். சாதாரண நடையில் அதற்குப் பெரும்பாலும் வேலை இல்லை. கால் தரையில் இருக்கும்போதே கெண்டைக்கால் தசை பாதத்தால் தரையை உந்துகிறது. இடுப்பின் முன்பக்கத் தசை தொடையை முன்னே இழுக்கிறது. தொடை முன்னே பாய, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலே மடக்கு. சாட்டையின் கைப்பிடியை முன்னே வீசினால் நுனி பின்னால் நின்று பிறகு வருகிறதல்லவா, அதைப் போல. விரல் தரையை விட்டு எழும்பும் நேரத்துக்குள் தேவையான மடக்கில் பாதிக்குமேல் முடிந்துவிடுகிறது. ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836இல் வெளியிட்ட நூலில், வீசும் கால் வெறும் ஊசல் போல ஆடி வருகிறது என்று எழுதினார்கள். பிற்பாடு லைப்சிக்கில் பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர் நடையைப் படமெடுத்து அளந்ததில், தசை இல்லாமல் அது நடக்காது என்று தெரிந்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தொடக்க உந்துதலைத் தசை கொடுக்கிறது, மற்றதில் பெரும்பகுதியை இயற்பியல் பார்த்துக்கொள்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், "முட்டி மடங்கவில்லை, தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்" என்று ஒருவரை அழைத்து வரும்போது, முட்டி நன்றாகவே இருக்கும். உட்காரவைத்து மடக்கினால் சுகமாக மடங்கும். கெண்டைக்கால் வலுவிழந்து தரையை உந்த மறந்திருக்கும். அல்லது நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பின் முன்பக்கம் இறுகி, கால் பின்னே போகவே மறுக்கும். பின்னே போகாத கால் முன்னே வேகமாக வராது. முட்டிக்குத் தைலம் தேய்த்து என்ன பயன்?

இப்போது உங்களில் முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். நாற்காலி முதுகு கைக்கு எட்டும்படி நில்லுங்கள். வேட்டி அல்லது சேலை கட்டும் இடத்தில், இடுப்பெலும்பின் விளிம்பில் இரண்டு கைவிரல்களையும் வைத்துப் பாருங்கள், பிறகு ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்குங்கள். வலப்பக்க விளிம்பு கீழே இறங்க முயல்கிறது, தெரிகிறதா? அதை இறங்கவிடாமல் பிடித்திருப்பது எது? வலது பக்கம் அல்ல. ஊன்றியிருக்கும் இடது இடுப்பின் வெளிப்புறம், கட்டுக்குச் சற்றுக் கீழே கை வைத்தால் கல்லாக இறுகியிருக்கும் தசை. அந்தத் தசை தளர்ந்தால் வலப்பக்கம் சரியும். வலது விரல் தரையில் இடிக்கும். நடக்கும்போது 4, 5 டிகிரி சரிவது எல்லாருக்கும் இயல்பு. அதற்குமேல் போனால்தான் ஆபத்து. உட்காருங்கள்.

அத்தைக்கு நடந்தது இதுதான். ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்து அவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதுவரை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தேனே தவிர, அப்படிப் பார்க்கவில்லை. இடது காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் வலது இடுப்பு சடக்கென்று இறங்கியது. சேலைக் கொசுவம் கூடக் கோணலாக ஆடியது. தடுக்கியது வலது விரல். கோளாறு இடது இடுப்பில். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை: அடிபட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காரணத்தைப் பார்க்க மாட்டோம்.

சமதரையை விட்டுவிட்டுத் தடைக்கு வருவோம். நிலைப்படி, சாலையோரக் கல், குழந்தை விட்டுப்போன பொம்மை. சாதாரண நடையில் 1.3 சென்டிமீட்டரோடு சிக்கனமாக இருக்கிற உடல், தடை வந்ததும் தாராளமாகிவிடுகிறது. தடைக்கு மேலே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் காலைத் தூக்குகிறது. முறையும் மாறுகிறது. தொடையை முன்னே வீசி முழங்காலைத் தானாக மடங்கவிட்ட உடல், இப்போது பின்தொடைத் தசையை அழைத்து முழங்காலை வேண்டுமென்றே மடக்குகிறது. இது 1991இல் மெக்ஃபேடியனும் வின்டரும் சேர்ந்து கண்டது. நாம் நினைப்பதுபோல இடுப்பை உயர்த்திக் காலைத் தூக்குவது அல்ல தாண்டுவது. முட்டியை மடக்குவதுதான் தாண்டுவது.

கண்ணின் வேலை எங்கே வருகிறது? வாட்டர்லூவிலேயே அஃப்தாப் பட்லா என்பவர் பார்வையைப் பதிவு செய்யும் கருவியைத் தலையில் மாட்டி மக்களை நடக்கவைத்தார். தடையை அவர்கள் இரண்டு, மூன்று காலடி முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள். தாண்டுகிற நேரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அப்போது கண் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. கால் நினைவில் தாண்டுகிறது. "பார்த்து நட" என்று கடைசி நொடியில் கத்துவது அதனால்தான் பயன்படாது. குனிந்து காலைப் பார்க்கிறவர் நடையின் ஒழுங்கைத்தான் கெடுத்துக்கொள்வார்.

முதலில் தாண்டும் காலையாவது ஓரக்கண்ணில் பார்க்கலாம். இரண்டாவது காலைப் பார்க்கவே முடியாது. அது நம் உடலுக்குப் பின்னால் இருந்து கிளம்புகிறது. அதன் தொடை அப்போது பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. எனவே இடுப்பை உயர்த்தி அதைத் தூக்க வழியில்லை, முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்னே எழுப்பித்தான் கொண்டுவர முடியும். தேய்மானத்தால் முட்டி விறைத்தவருக்கு முதல் கால் எப்படியோ போய்விடும். இரண்டாவதுதான் மாட்டும். அது மாட்டும்போது உடலின் பாரம் தடைக்கு அப்பால் போய்விட்டது. அந்தப் பாரத்தைத் தாங்க முன்னே வரவேண்டிய கால்தான் பின்னால் சிக்கிக்கொண்டிருக்கிறது. விழுந்தால் முகம் குப்புற விழுவது அதனால்தான்.

பார்க்காத கால் எப்படித் தாண்டுகிறது என்பதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மெக்வே, பியர்சன் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. ஒரு பூனை ஒரு தடையை முன்னங்கால்களால் தாண்டுகிறது. அந்த இடத்தில் அதற்குச் சாப்பாடு வைத்து நிறுத்துகிறார்கள். தடை வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. பூனை சாப்பிடும்போது, அதற்குத் தெரியாமல் தடையை எடுத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துப் பூனை நடக்கும்போது, இல்லாத தடைக்குப் பின்னங்கால்களை உயர்த்தித் தாண்டுகிறது. பத்து நிமிடம் கழித்தும் அப்படியே. ஆனால் முன்னங்கால்கள் தாண்டுவதற்கு முன்பே நிறுத்தினால் அந்த நினைவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது. பார்த்தது மறக்கிறது, காலால் செய்தது நிற்கிறது. நம் இரண்டாவது காலும் இப்படி முதல் காலை நம்பித்தான் வருகிறது.

இந்த நம்பிக்கை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு ஒரு படிக்கட்டே சாட்சி. நியூயார்க்கின் புரூக்ளினில் 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட அங்குலத்தில் ஒரு பின்னம் உயரமாக இருந்தது. 2012இல் ஒருவர் அங்கே கேமரா வைத்துப் படமெடுத்தார். இளைஞர்கள், குழந்தையைத் தூக்கி வரும் தகப்பன், எல்லாரும் ஒரே படியில் இடறினார்கள். படம் பரவியதும் அந்தப் படிக்கட்டை மூடிச் சரிசெய்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுப்போகுமா? முதல் இரண்டு படிகளிலேயே மூட்டுகள் உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வரும் பிசகை அவை எதிர்பார்ப்பதில்லை. நம் ஊரில் மாடிப்படி கட்டும்போது கடைசிப் படியில் மிச்சம் மீதி உயரத்தைத் தள்ளிவிடும் கொத்தனாரிடம் தயவுசெய்து சண்டை போடுங்கள். அங்கே சமரசம் வேண்டாம்.

முழங்கால் மடங்கவே மடங்காது என்றால் உடல் என்ன செய்கிறது? பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கால் விறைத்தவரைப் பார்த்திருப்பீர்கள். அரிவாள் வீசுவதுபோல் காலை வெளியே வளைத்துக் கொண்டுவருவார். சிலர் அந்தப் பக்க இடுப்பைத் தோளை நோக்கி இழுத்துத் தூக்குவார்கள். சிலர் நல்ல காலின் முன்பாதத்தில் எம்பி நிற்பார்கள். மூன்றும் ஒரே சுண்டுவிரல் இடைவெளியைத் தேடும் வழிகள்தான். "கோணல் நடை" என்று அதைத் திருத்தப் போகாதீர்கள். திருத்தினால் விழுவார்.

முழங்காலுக்கு மேல் காலை இழந்து, செயற்கைக் கால் மாட்டியவர்களின் நிலையும் இதுவே. முழங்காலில் ஒற்றைக் கீல் வைத்த கருவி கதவைப் போல ஓர் அச்சில் திறந்து மூடும். ஆனால் நம் சொந்த முழங்கால் கதவுக்கீல் அல்ல. தொடையெலும்பு உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. உள்ளே ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இரண்டு தசைநார்கள் அதை வழிநடத்துகின்றன. அதனால் சுழலும் அச்சு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இதைப் போலவே நான்கு தண்டுகளை இணைத்துச் செய்த முழங்கால் மடங்கும்போது அச்சு நகர்ந்து, கீழ்க்கால் கொஞ்சம் குட்டையாகிறது. விரலுக்குக் கீழே கூடுதல் இடம் கிடைக்கிறது. ஊன்றும்போதோ எளிதில் மடங்காமல் உறுதியாக நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு உருவாக்கி 2022இல் வெளியிட்ட 'கதம்' என்ற செயற்கை முழங்கால் இந்த வகையைச் சேர்ந்தது. வெளிநாட்டுக் கருவியின் விலையைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டுப் படிகளுக்கும் மேடு பள்ளத்துக்கும் இங்கேயே ஒரு முழங்கால் செய்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

பாதம் தொங்கிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு கெட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாது. தொழுநோயில் இது அதிகம். வேலூரிலும் கரிகிரியிலும் அறுவை மருத்துவர்கள் கீழ்க்காலின் பின்புறத் தசை ஒன்றின் நாணை எடுத்துப் பாதத்தின் மேற்புறத்தில் தைத்து, கீழே தள்ளிய தசையையே மேலே தூக்க வைத்தார்கள். தசைக்குப் புதிய வேலை சொல்லித்தரப் பல வாரங்கள் ஆகும். பிறகு விரல் தரையை உரசாது.

தாண்டும்போது ஊன்றியிருக்கும் காலையும் மறக்க வேண்டாம். அத்தனை நேரமும் உடல் அந்த ஒற்றைக்காலில் நிற்கிறது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில், அழுத்தத்தை அளக்கும் உணரியை உள்ளே வைத்த செயற்கை முழங்கால்களைப் பொருத்திப் பார்த்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. படியேறும்போது 3 மடங்குக்கு மேல், இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. முட்டிவலிக்காரர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கு அஞ்சுவது வெறும் பயமல்ல, அளந்து பார்த்த உண்மை.

கைத்தடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒருவர்கூட இதைக் கேட்டுச் செய்வதில்லை. இடது இடுப்போ முட்டியோ பலவீனமானால் தடி வலது கையில் இருக்க வேண்டும். வலியுள்ள பக்கமே பிடிக்கத்தான் மனம் போகும். ஆனால் இடது காலை ஊன்றும்போது சரிவது வலப்பக்கம். அந்தப் பக்கத்தில், மூட்டிலிருந்து தள்ளி, தடி கொஞ்சம் தாங்கினாலே போதும். நெம்புகோல் நீளமாக இருப்பதால் சிறிய கைவிசை இடது இடுப்புத் தசையின் சுமையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.

அத்தைக்குத் தடி பிடிக்கவில்லை. "இந்த வயசுல எனக்கெதுக்கு கம்பு?" என்றார். அதனால் தலைவாசல் நிலையின் வலப்பக்கச் சட்டத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பித்தளைப் பிடி வைத்தோம். பக்கவாட்டில் படுத்து இடது காலை உயர்த்தும் பயிற்சியைச் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு செய்வார், மாமா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். முதல் மாதம் எட்டு எண்ணிக்கையைத் தாண்டவில்லை. நான்காவது மாதம் இருபதுக்கு வந்தார். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அத்தை கையில் பால்சொம்போடு வந்தார். படிக்கு இரண்டு அடி முன்னால் ஒரு நொடி வேகத்தைக் குறைத்தார். வலது கை பிடிக்குப் போனது. வலது கால் தாண்டியது. பிறகு, நான் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த இடது கால், குதிகால் நன்றாக மேலே எழும்பி, தேக்கின் விளிம்புக்கு நான்கு விரற்கடை மேலே வந்து, இந்தப் பக்கம் இறங்கியது. சொம்பில் பால் தளும்பவில்லை.